கயிற்றோடு கொடுத்த மாடு

ஈஸ்வரி அக்கா "அம்மணி" என்று கூப்பிட்டால் நானும் மாடும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம். கொங்குநாட்டில் பெண்பிள்ளைகளை அன்பாக அழைக்கிற சொல் அது. பள்ளிக்கூடம் போகிற சிறுமிக்கும் பொருந்தும், நாற்பதைத் தாண்டிய எனக்கும் பொருந்தும், கட்டுத்தறியில் நிற்கும் செவலைப் பசுவுக்கும் பொருந்தும். கட்டுத்தறி என்பது இங்கே மாட்டுக்கொட்டிலின் பெயர். நான் அங்கே போன முதல் நாள், "அம்மணி, செத்த தள்ளி நில்லு சாமி" என்று அக்கா சொல்ல, நான் சாணிக்கூடையும் கையுமாக மரியாதையாகத் தள்ளி நின்றேன். மாடு அசையவில்லை. "உங்களையில்லீங்க, மாட்டச் சொன்னனுங்க" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போதுகூட அவர் சிரிக்கவில்லை. விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது இங்கே மரியாதை இல்லை. நான் மட்டும் அறைக்குத் திரும்பும் வரை பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இலங்கையில், எங்கள் மல்லாவியிலும் துணுக்காயிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், நோர்வேயிலும் கனடாவிலும் பனி அள்ளிக்கொண்டிருக்கிற எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போன நாடுகளில் உங்களுக்கு மொழி தெரியவில்லை என்று எழுதுகிறீர்கள். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. நான் வந்து சேர்ந்த ஊரில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை நான் தவறாக எடுத்துக்கொண்டால் பழியைப் போட அகராதிகூடக் கிடையாது. முப்பத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறேன். இன்றைக்கும் வாயைத் திறந்தால் கடைக்காரர், "மலையாளமுங்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்த நாட்களும் உண்டு. இல்லை என்றால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார்.

முழுக்கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு வயதில் மன்னார்க் கரையில் படகேறினேன். ராமேஸ்வரம், அங்கிருந்து பவானிசாகர் அணைக்குப் பக்கத்தில் ஒரு முகாம். அப்பா முகாமிலேயே இறந்தார். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து அண்ணா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அம்மா அங்கே போய் இரண்டாம் வருடம் கண்மூடினார். எங்களைப் போன்றவர்களுக்குத் திரும்பிப் போகிற அனுமதி ஒரு வழிக்குத்தான். செத்தவீட்டுக்குப் போய்விட்டு மறுபடி வர முடியாது. அதனால் அம்மாவை நான் போனில்தான் வழியனுப்பினேன். இப்போது கோயம்புத்தூர் கணபதியில், பம்புசெட்டுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில், கடைந்து வருகிற பாகங்களை அளவு பார்த்து ஒதுக்குகிற வேலை செய்கிறேன். மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, முகாம் வீட்டைக் காலி செய்தபோது எடுத்துவந்த தட்டுமுட்டுகள், குறுக்கே கட்டிய பச்சை நைலோன் கொடியில் எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும் உடுப்புகள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. கீழே லேத் ஓடாத நாளில் அந்த அறையின் அமைதியைத் தாங்குவது கஷ்டம்.

போன தை மாதம் அண்ணா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். எங்கள் காணியில் பற்றைப் புதரெல்லாம் வெட்டித் துப்புரவாக்கிவிட்டாராம். நாலைந்து மாடு வாங்கி வளர்க்கப் போகிறாராம். அவருக்கு இடுப்பு வலி, அண்ணியால் முடியாது. நான் வந்தால் மாட்டை நான் பார்க்கலாம், எனக்கென்று அங்கே ஓர் இடம் இருக்கும். சொல்லிவிட்டு அவரே சந்தேகப்பட்டார். "நீ மிசினுக்குப் பக்கத்தில நிண்டு பழகினனி. மாடு ஒருக்காத் தலையை ஆட்டினால் ஓடிடுவாய். போனால் திரும்ப ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே. முதல் அங்க எங்கயாவது மாட்டோட பழகிப்போட்டு வா." அண்ணா சொன்னது நியாயம். திரும்ப முடியாத இடத்துக்குப் போய் நின்றுகொண்டு மாட்டைக் கண்டால் பயம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நாற்பத்திரண்டு வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாணி அள்ள இடம் தேடிக் கிளம்பினேன்.

கணபதியில் சத்தியமங்கலம் பேருந்தில் ஏறினால் கோவில்பாளையம், அன்னூர் என்று வழியெல்லாம் தோட்டங்கள்தான். இறங்கி இறங்கிக் கேட்டேன். ஒரு வீட்டிலும் இல்லை என்று சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். ஒரு தோட்டத்தில் இளநீரே வெட்டினார்கள். எதற்காக இந்த வேலை என்று விசாரித்தார்கள். பட்டறையில் நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண் விடுமுறை நாளில் கூலியில்லாமல் மாட்டுவேலை கேட்கிறாள் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஒரு பெரியவர் என் கைப்பையைப் பார்த்துவிட்டு, "யூடியூப்புக்குங்களா?" என்றார். கடைசியில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பாக்கலாமுங்க." நான் அதை நம்பினேன். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்றால் "ஏலாது, போ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லாததால் அடுத்த ஞாயிறும் அதே வீடுகளுக்குப் போனேன். அதே நாற்காலி, அதே காப்பி, அதே பாக்கலாமுங்க. மூன்றாம் முறை போனபோது ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பேசாமல் இருந்தார்கள். வாசலில் அவர்கள் செருப்பு கிடந்தது.

பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரி சரோஜாவுக்கு அன்னூர்ப் பக்கம்தான் பிறந்த வீடு. அவளிடம் சொன்னபோது, பாக்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம், அதுகூடத் தெரியாமல் இத்தனை வருடம் இங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். பிறகு அவளுக்குக் கோபமும் வந்தது. "எங்கம்மா காலம் பூராவும் அடுத்தவிய தோட்டத்துல சாணி வழிச்சாங்க. எங்களை அதுல இருந்து வெளிய கொண்டாரதுக்குத்தான் படிக்கவே வெச்சாங்க. நீங்க பஸ்ஸு புடிச்சு உள்ள போறீங்களாக்கும்" என்றாள். அன்று முழுக்க அவள் பேசவில்லை. மறுநாள், அவள் அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அங்கே வேலைக்கு இருந்த பெண்களெல்லாம் இப்போது பனியன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள், அந்த வீட்டு ஈஸ்வரியம்மா தனியாக மாட்டோடு மல்லுக்கட்டுகிறார், போய்க் கேளுங்கள் என்றாள். அப்படித்தான் ஈஸ்வரி அக்காவிடம் போனேன். அவர் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்சம் தயங்கி, உங்க பக்கம் என்ன சனமுங்க என்றும் கேட்டார். அகதிச் சனம் என்றேன். அவர் சாணிக்கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் போய், அவர்கள் மோட்டார் அறையை ஒட்டிய சிறிய அறையில் படுத்துக்கொண்டு, ஞாயிறு இரண்டு வேளையும் பால் கறந்துவிட்டு மாலைப் பேருந்தில் திரும்புவேன். சாணி வழிப்பது, தவிடும் புண்ணாக்கும் கரைத்துத் தண்ணீர் காட்டுவது, சோளத்தட்டை அறுத்துப் போடுவது எல்லாம் சில வாரங்களில் வந்துவிட்டன. பால் கறப்பதுதான் வரவில்லை. செவலை என்னைக் கண்டால் பாலை எக்கிக்கொள்ளும். காம்பில் பால் இருப்பது கைக்குத் தெரியும், ஆனால் இறங்காது. பின்னங்காலைத் தூக்கி மெதுவாகக் குவளையைத் தட்டிவிடும். கோபமாக உதைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும், அதுவும் இந்த ஊர்க்காரர்களைப் போலவே நயமாக மறுத்தது. பேசிக்கொண்டே கறங்க அம்மணி, அதுக்கு உங்க கொரல் பழகோணுமுங்க என்றார் அக்கா. எனக்கு மாட்டோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பட்டறையில் என்ன நடந்தது, அண்ணா என்ன சொன்னார், அரிசி என்ன விலை என்று சொல்லத் தொடங்கினேன். வாரம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு ஞாயிறு காலை, அம்மா இறந்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பால் இறங்கியது. குவளையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் அழுததை அவர் பார்த்திருப்பார்.

எங்கள் ஊரில் மாடு இப்படிக் கட்டுத்தறியில் நின்று தின்னாது. காலையில் பட்டியைத் திறந்துவிட்டால் காட்டுக்குள் போய் மேய்ந்து, பொழுதுபட வரும். யாருடைய மாடு என்பதற்கு அதன் தொடையில் சுட்ட குறி இருக்கும். அப்பாவின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் எங்கள் மாடுகளில் இருந்தன. நான் எழுத்துக் கூட்டப் பழகியதே மாட்டுத் தொடையில்தான் என்று அம்மா கேலி செய்வார். கயிறு வெறும் கயிறுதான், அறுந்தால் வேறு கயிறு. நாங்கள் புறப்பட்ட காலை எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்பா எல்லா மாட்டையும் அவிழ்த்துவிட்டார். அவிழ்த்துவிட்டும் அவை போகாமல் வேலியோரம் நின்றன. நாங்கள்தான் போனோம்.

ஆவணி மாதம் ஈஸ்வரி அக்கா செவலையை விற்க முடிவு செய்தார். அடுத்த கன்றுக்குச் சினை பிடிக்கவில்லை, ஆள் இல்லாமல் இத்தனை மாட்டை வைத்துப் பார்க்கவும் அவரால் முடியவில்லை. செவலை போன பங்குனியில் ஈன்ற கிடாரிக்கன்றை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நம்பியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வளர்ப்பதற்கென்று வந்து பார்த்துப் பேசி முடித்திருந்தார். அவர் மாட்டைப் பிடிக்க வரவேண்டிய ஞாயிறு அன்று, சொந்தத்தில் ஒரு சாவு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் அவசரமாகக் கிளம்பினார்கள். எல்லாம் பேசியாயிற்று, வந்தால் மாட்டப் புடிச்சுக் குடுத்துருங்க அம்மணி என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா. என்னை நம்பி மாட்டை விட்டுப் போகிறார் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. செவலையைக் கழுவிவிட்டேன், நெற்றியில் குங்குமம் வைத்தேன்.

பதினோரு மணி வாக்கில் அந்த மனிதர் சின்ன வண்டியோடு வந்தார். தோளில் புதுக்கயிறு ஒன்று போட்டிருந்தார். செவலையின் கழுத்துக்கயிற்றை நான் முளையிலிருந்து அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"கவுத்தோடவே குடுக்கறீங்களாங்க?" என்றார்.

"ஓம், அதுக்கென்ன" என்றேன்.

அவர் திரும்பவும் கேட்டார். "ஊட்டுக்காரங்க சொன்னாங்களாங்க?"

இதையும் மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில்தான் எதையும் இரண்டு தடவை கேட்பார்களே. "கொண்டு போங்கோ, பழகின கயிறு. அதுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்" என்றேன். அதை மனதாரச் சொன்னேன். தெரியாத இடத்துக்குப் போகிற மாட்டுக்குத் தெரிந்த பொருள் ஒன்றாவது கூடப் போகட்டும் என்றுதான் எனக்குப் பட்டது. ராமேஸ்வரத்தில் இறங்கி நின்றபோது தெரிந்ததாக எனக்கு எதுவுமே இருக்கவில்லை. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது செவலை என் பக்கம் திரும்பிக் கத்தியது. நான் உள்ளே போய்த் தவிட்டுத் தொட்டியைக் கழுவத் தொடங்கினேன்.

மாலையில் வந்த அக்கா, குளித்துவிட்டு நேரே கட்டுத்தறிக்கு வந்தார். வெறும் முளையைப் பார்த்தார். "கவுறு எங்கீங்க?" என்றார். மாட்டோடு கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. சரி உடுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று கிளம்பும்போது எனக்குக் காப்பி டம்ளரைக் கையில் கொடுக்காமல் முற்றத்துச் சுவர்மேல் வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. இந்த வாரம் வர வேண்டியதில்லை, பொறகு பாக்கலாமுங்க என்றார். இந்த முறை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

சரோஜாதான் சொன்னாள். அவள் முகம் என்னைவிட வெளிறிவிட்டது. இந்தப் பக்கம் மாட்டை விற்பார்கள், கயிற்றை ஒருக்காலும் விற்கமாட்டார்கள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு கட்டுத்தறியிலேயே இருந்தால்தான் அங்கே மறுபடி மாடு நிற்கும், பால் இருக்கும், வீடு செழிக்கும். கயிற்றோடு கொடுப்பது அந்த வீட்டின் சீதேவியையே கூட்டி அனுப்புவது. "எங்கம்மா அவிய மாட்டை எத்தனையோ தடவ புடிச்சுக் குடுத்திருக்கறாங்க. கவுத்துல மட்டும் கை வெக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, வாங்க வந்தவரும் கேள்வியாகத்தான் கேட்டார். பிறகு யோசித்தால், சொல்லத் தேவையில்லாதவற்றை யாரும் சொல்லி வைப்பதில்லை. பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிமிடம் அவர் என்னை ஊர்க்காரியாக நினைத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் கெடுத்தேன்.

பட்டறையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நம்பியூருக்குப் பேருந்து ஏறினேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போய், வேப்பமரத்து ஆணியில் தனியாக மாட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்தார். "நம்ம கட்டுத்தறியில இதக் கட்ட மனசு வரலீங்க. யாராவது வருவாங்கன்னு வெச்சிருந்தனுங்க" என்றார். செவலை புதுக்கயிற்றில் நின்றது. என் குரலைக் கேட்டுக் காதைத் திருப்பியது. பக்கத்தில் போய் நின்றேன். அந்த வீட்டுப் பெண், அது இன்னும் சரியாகப் பால் இறக்கவில்லை என்றார். பேசிக்கொண்டே கறங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஈஸ்வரி அக்காவின் வீட்டு வாசலில் கயிற்றை நீட்டியபோது அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரே போய்ச் செவலையின் கன்றின் கழுத்தில் அதைக் கட்டினார். கயிறு அதற்கு மிகவும் பெரிதாக இருந்தது, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு முற்றத்தில் உட்கார்ந்து காப்பியை என் கையில் கொடுத்தார்.

"நீங்க உங்கூரை உட்டு வரயில உங்க மாட்டுக் கவுத்தையெல்லாம் என்ன பண்ணுனீங்க அம்மணி?" என்றார்.

தெரியாது என்றேன். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அகதிகளிடம் எத்தனையோ கேள்வி கேட்பார்கள், எல்லாம் மனிதர்களைப் பற்றித்தான். அவர் கன்றைப் பார்த்தபடி, "இந்தக் கன்னு உங்க கையில வளரட்டுமுங்க. ஈனுச்சுன்னா ஒரு ஈத்துக் கன்னு உங்குளுது" என்றார். கன்று வளர்ந்து சினைப்பட்டு ஈன எப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை நான் இங்கே இருப்பேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு மாலை தோட்டத்திலிருந்து அறைக்கு வந்ததும் அண்ணாவைக் கூப்பிட்டேன். மாட்டைக் கறக்கப் பழகிவிட்டேன் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். இரண்டு மாட்டுக்கு ஏற்கனவே அச்சாரம் கொடுத்தாயிற்று என்றார். நான் கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

"கயிறோ? அப்பா அவிட்டவர், நான் பக்கத்தில நிண்டனான். கழுத்தில கயிறோட விட்டால் பத்தையில சிக்கிச் சாகும் எண்டு எல்லாத்தையும் கழட்டினவர். பிறகு அதில ஒண்டாலதான் உடுப்புப் பெட்டியைச் சுத்திக் கட்டினவர். முகாமில அம்மா கொடி கட்டினது அந்தக் கயித்தாலதானே. நீ மறந்திட்டியே?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிவரை, முகாமிலிருந்து அவிழ்த்துவந்த அதே பச்சை நைலோன் கயிறு. நிறம் மங்கி, நடுவில் ஒரு இடத்தில் நார் பிரிந்திருந்தது. அதில் என் பட்டறைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் அதன் கீழேதான் படுத்திருக்கிறேன். ஈஸ்வரி அக்காவின் கணக்கில், மாடுகளை அங்கே விட்டுவிட்டுக் கட்டுத்தறியை நாங்கள் இங்கே கொண்டுவந்துவிட்டோம்.

அண்ணா, "சரி, எப்ப வாறாய்?" என்றார்.

"பாக்கலாம் அண்ணா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அண்ணாவும் பவானிசாகரில் வளர்ந்தவர். ஊர் ஊராகக் கூலி வேலைக்கு அலைந்து, அந்தச் சொல்லை என்னைவிட அதிகம் வாங்கியவர். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டேன். ஜன்னல் பக்கத்து முடிச்சு அம்மா போட்டுக் காட்டிய முடிச்சு, நகம் வலிக்க அவிழ்க்க வேண்டியிருந்தது. அது கையோடு வந்தது. மற்ற முனை சுவர் ஆணியில் இருக்கிறது. அதையும் அவிழ்ப்பதா, இதைத் திரும்பக் கட்டுவதா என்று தெரியாமல் நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.